தேர் நிலைக்கு வரும்வரை

மதுரையைப் பார்ப்பதற்கு முன்பே மதுரையின் தெருக்கள் எனக்கு மனப்பாடம். கடலுக்கு அப்பால் கிள்ளானில், எங்கள் லாரிக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில், என் மதுரைக்காரக் கூட்டாளி சோணைமுத்து சாக்குக்கட்டியால் அவற்றை நூறு தடவையாவது வரைந்து காட்டியிருப்பான். நடுவில் ஒரு சதுரம், அது மீனாட்சி கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதையும் சுற்றி மாசி வீதி. எல்லாவற்றுக்கும் வெளியே, பழைய கோட்டைச் சுவர் நின்ற இடத்தில் வெளிவீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாலு பக்கம். "இது தெரிஞ்சாப் போதும் மாணிக்கம். கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேந்துரலாம்" என்பான்.

மாசி வீதியை மட்டும் இரட்டைக் கோடாகப் போடுவான். தேர் ஓடும் தெரு அதுதான். ஆனால் தெற்குமாசி வீதி முடிந்து மேலமாசி வீதி தொடங்கும் முக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவான். அந்த ஒரு மூலையில் மட்டும் கோடு சேராமல் கிடக்கும். கேட்டால் கட்டி தீர்ந்துவிட்டது என்பான். கையில் பாதிக் கட்டி இருக்கும்.

அவன் அந்த ஆண்டு மாசி மாதக் கடைசியில் இறந்துபோனான். எழுபதுகளின் பிற்பகுதி அது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம், நெஞ்சில் சளி கட்டிப் பத்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. இருபது வருஷம் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் நாங்கள். அவனுக்குக் கல்யாணம் கிடையாது, எனக்கு அவனைவிட்டால் கூட்டாளி கிடையாது. "தந்தி குடுத்துராத. எங்க அண்ணன் தாங்காது. பெட்டிய எடுத்துக்கிட்டு நீயே நேர்ல போய்ச் சொல்லு" என்றுதான் கடைசியாகச் சொன்னான். அந்தச் சித்திரையில் தேருக்கு வருவதாக அண்ணனுக்கு அவன் கடிதம் போட்டு மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அதுவரை இந்தியாவை மிதித்ததில்லை. உடனே கிளம்பியிருக்கலாம். ஆபீசில் விடுமுறை கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. இருபது வருஷமாக அவன் சொல்லிச் சொல்லி அந்தத் தேரைப் பார்க்கும் ஆசை எனக்கே வந்துவிட்டது. அவன் போக இருந்த நாளில் போனால் குடும்பம் மொத்தமும் ஒரே இடத்தில் இருக்கும், சொல்லவும் வசதி என்று கணக்குப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல? ஒரு சாவுச் செய்தியை எந்த நாளில் அந்த வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாதோ, சரியாக அந்த நாளைப் பார்த்துப் போய் இறங்கினேன்.

மதுரை ரயிலடியில் இறங்கியபோது காலை எட்டு மணி. அதற்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டது. எங்கள் ஊரில் வெயில் என்றால் சாயங்காலம் மழை நிச்சயம். இங்கே அந்த உத்தரவாதம் கிடையாது. சைக்கிள் ரிக்‌ஷாவில் சோணைமுத்துவின் தகரப் பெட்டியை ஏற்றி, கீழமாசி வீதி என்றேன்.

"போலாம்ணே. சாமி வெளிய வந்துருக்கு, பின்னாலதான் போகணும்" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"குறுக்கே வெட்டிப் போக முடியாதா?"

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாமிக்கு எதுத்தாப்புலயா? வெளியூரா நீங்க?"

டவுன் ஹால் ரோட்டைத் தாண்டி மேலமாசி வீதிக்குள் நுழைந்ததும் விஷயம் விளங்கியது. தூரத்தில் பல்லக்கு ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மேளம், ஓதுவார்கள், கூட்டம், கூட்டத்துக்குப் பின்னால் மாட்டுவண்டிகள், கடைசியில் நாங்கள். பல்லக்கு நின்றால் நாங்களும் நின்றோம். வீட்டுக்கு வீடு தேங்காய் உடைத்தார்கள். கால் மணியில் போயிருக்க வேண்டிய தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேலமாசி வீதி முடிந்து, வடக்குமாசி வீதி முழுவதும் ஊர்ந்து, கீழமாசி வீதிக்குத் திரும்பினோம். கோயிலைப் பாதி வலம் வந்துவிட்டேன், பக்கத்தில் செத்தவன் பெட்டியோடு.

பேரையூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து வண்டியில் இருந்தது. "ஏத்தா, தேரையும் பாத்துட்டு, அழகர் ஆத்துல எறங்குறதையும் பாத்துட்டுத்தான் ஊருக்கு. அதுக்கு முந்தி வீடு வீடுன்னு யாராச்சும் வாயத் தொறந்தீக, பாத்துக்கங்க" என்று ஒரு பெண் மொத்த வண்டியையும் மிரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வெள்ளரிப் பிஞ்சு ஒன்றை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. கடித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த வெயிலில் வேர்வைக்கும் அதற்கும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

சோணைமுத்துவின் அண்ணன் வேலுச்சாமி வீடு கீழமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மூன்றாவது வாசல். வெங்காய மண்டியில் எடை போடும் வேலை அவருக்கு. ஐம்பதை ஒட்டிய வயது, தம்பியின் அதே நெற்றி. வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் ரிக்‌ஷாவில் என் பக்கத்து இடத்தைப் பார்த்தார். அதில் பெட்டிதான் இருந்தது. பச்சைத் தகரத்தில் ரோஜாப்பூ போட்ட பெட்டி. ஊரைவிட்டுப் போகும்போது அவன் இங்கிருந்து எடுத்துப்போனதுதான்.

"வாங்க தம்பி, நீங்கதான் மாணிக்கமா? காயிதத்துல எழுதுவான்" என்றார். பெட்டியை அவரே இறக்கி உள்ளே கொண்டுபோய் மூலையில் வைத்து, மேலே ஒரு வேட்டியை விரித்து மூடினார்.

"அண்ணே, சோணைமுத்து..." என்று ஆரம்பித்தேன்.

"லீவு கெடைச்சிருக்காது. வேலைன்னா அப்பிடித்தான். மொதல்ல சாப்பிடுங்க" என்றார். "பேச்சி, எலையப் போடு."

அவர் மனைவி பேச்சியம்மாள் இலை போட்டார். பூப்போல இட்லி, மூன்று சட்னி, மேலே ஒரு கரண்டி மிளகாய்ப்பொடி. "கொடி ஏறிருச்சுல்லண்ணே, அதான் வீட்டுல கவிச்சி கெடையாது. தேர் முடியட்டும், கறிக் கொழம்பு வச்சுத் தாரேன்" என்றார். நல்ல சாப்பாடு. வாய்க்குள் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அதை மென்று விழுங்குவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிய வேலுச்சாமியின் இடது கையைப் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. அந்தக் கையின் கதை எனக்குத் தெரியும். ஒரு தீபாவளியன்று, ஒரே ஒரு தடவை, சோணைமுத்து சொல்லியிருந்தான்.

ஆள் உயரச் சக்கரம் வைத்த அந்தப் பெரிய தேருக்குப் பிரேக்கும் கிடையாது, திருப்பும் வளையமும் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்கள்தான் அதை நிறுத்தவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். நம் பேச்சில் முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் காரியத்தைக் கெடுக்கிறவன். அங்கே அது ஆயிரம் பேர் உயிரைக் காக்கும் வேலை. இவர்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வேலை இந்த வீட்டுக்கு. அண்ணன் வலது சக்கரம், தம்பி இடது சக்கரம். தேர் நாலு முக்கிலும் வலது பக்கமே திரும்பும். முதல் விசிலுக்கு அண்ணன் வலது சக்கரத்தைக் கட்டையால் இறுக்கிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இரண்டாவது விசிலுக்குத் தம்பி இடது கட்டையை உருவ வேண்டும். வலது நிற்க, இடது ஓட, தேர் திரும்பும்.

தெற்குமாசி முக்கில் ஒரு வருஷம், இரண்டாவது விசிலுக்கு முன்பே சோணைமுத்து கட்டையை உருவிவிட்டானாம். தேர் உலுக்கிக்கொண்டு நகர்ந்தது. அண்ணன் கையில் இரண்டு விரல் போயிற்று. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அப்பா அவனை அறைந்தார். அடுத்த மாதம் அவன் கப்பல் ஏறிவிட்டான். "விசில் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஊரே ஊதலைன்னு சொன்னா, ஊதிருக்காதுதான?" என்றான். கிள்ளானில் லாரிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் எடுப்பதும் அவன் வேலை. ஓட்டுநர் எடுக்கச் சொன்னால் "சொன்னியா? சொன்னியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எடுப்பான். செவிடன் என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவன் சிரித்துக்கொள்வான்.

மறுநாள் மீனாட்சிக்குக் கல்யாணம். விடியும்போதே வேலுச்சாமி என்னை எழுப்பினார். கூட்டம் சேர்வதற்குள் தெருவைக் காட்டுகிறேன் என்றார். தனியாகக் கிடைத்தார், வழியில் சொல்லிவிடலாம் என்று கூடவே போனேன்.

மாசி வீதியில் ஏன் சித்திரையில் தேர் ஓடுகிறது என்று முதலில் ஆரம்பித்தார். ஆதியில் இந்தத் திருவிழா மாசியில்தான் நடந்ததாம். மாசியில் சனத்துக்கு அறுப்பு வேலை, தேர் இழுக்க ஆள் சேராது. அதனால் நாயக்க ராஜா அறுப்பு முடிந்த சித்திரைக்குத் திருவிழாவை மாற்றிவிட்டார். "திருவிழா போயிருச்சு, தெருப் பேரு மட்டும் பழைய மாசத்துலயே நின்னு போச்சு தம்பி" என்றார். வெளிவீதி வெள்ளைக்காரக் கலெக்டர் காலத்தில் வந்ததாம். கோட்டையை இடித்து அகழியை மூடச் சொல்லி, இடித்தவர்களுக்கே அங்கே மனை கொடுத்தார்களாம். அவர் படித்தவர் இல்லை. கேள்விப்பட்டதை அப்படியே சொன்னார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கீழமாசி வீதி முழுக்க வெங்காயமும் பலசரக்கும் மணத்தது. விளக்குத்தூண் தாண்டித் தெற்குமாசி வீதிக்குத் திரும்பினால் துணிக்கடைகள். மின்சார ஆட்கள் ஏணி போட்டு, தெருவுக்குக் குறுக்கே போகும் கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள் தட்டிப் பந்தல்களைப் பிரித்தார்கள். "தேரோட அகலத்த மனசுல வச்சுத்தான் இந்தத் தெருவுல எவனும் வீடு கட்டணும். இல்ல, தேரே வந்து இடிச்சுக் குடுத்துரும்" என்றார். கிள்ளானில் எங்கள் தெரு துறைமுகத்துக்குச் சரக்கு போக வேண்டும் என்று போட்ட தெரு. இங்கே சாமிக்கென்று தெருவைப் போட்டுவிட்டு மிச்சத்தில் மனிதர்கள் பிழைக்கிறார்கள்.

பத்தடிக்கு ஒருவர் அவரை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"என்ன வேலு, தம்பி வந்தாச்சா?"

"கூட்டாளி வந்துருக்காக. அவன் வாரான்."

துணிக்கடை வாசலில் ஒருவர், "இந்த வருசம் இடது சக்கரம் அவனுக்குத்தான்னு மச்சானைக்கூட ஒதுங்கச் சொல்லிட்டியாமே?" என்று கேட்டார். வேலுச்சாமி அதற்கும் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

அந்த முக்கு வந்தது. தெற்குமாசி வீதியும் மேலமாசி வீதியும் சேரும் இடம். கோடு சேராமல் கிடந்த மூலை. வழியெல்லாம் நின்று நின்று கதை சொன்ன மனிதர் இங்கே நிற்கவே இல்லை. எதிர்ச் சாரிக்கு மாறி விறுவிறுவென்று நடந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். விரல் இல்லாத கை.

"அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் தெருப் பார்க்க வரலை. சோணைமுத்து..."

"பருத்திப்பால் குடிச்சிருக்கீகளா தம்பி? உங்க ஊர்ல கெடைக்காதே" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் தள்ளுவண்டியில் இரண்டு டம்ளர் வாங்கினார். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கடல் தாண்டி வந்தவனை ஒரு வார்த்தை பேசவிடாமல் இப்படி ஊர்ப் பெருமை பேசுகிறாரே, தம்பி எப்படி இருக்கிறான் என்று மரியாதைக்குக்கூடக் கேட்கவில்லையே, இவருக்காகவா அவன் இருபது வருஷம் உருகினான் என்று நினைத்தேன். நினைத்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வடக்குமாசி வீதியில் திரும்பும்போது அவராகவே கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் இருந்த தெரு எப்பிடித் தம்பி? எங்கன ஆரம்பிச்சு எங்கன முடியும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன், ஆறு தெரியும், லாரி ஆபீஸ் தெரியும், கோப்பிக் கடை தெரியும் என்றுதான் சொல்ல முடிந்தது. அது எப்போது வந்த தெரு, யார் போட்டது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அந்த வெட்கத்தில், அவர் 'இருக்கிற தெரு' என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கோயிலில் கெட்டிமேளம் முழங்கியது. ஒலிபெருக்கி வழியாக அது சந்து முழுவதும் கேட்டது. வாசலுக்கு வாசல் பெண்கள் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளும் மாற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். வடை பாயசத்தோடு கல்யாணச் சாப்பாடு. சாப்பிட்டதும் வேலுச்சாமி கட்டைக்கு எண்ணெய் தடவ வேண்டும் என்று தேரடிக்குப் போய்விட்டார்.

நான் அடுக்களை வாசலில் போய் நின்றேன். "தங்கச்சி, உன்கிட்டயாவது சொல்லிடுறேன். என்னால முடியலை" என்றேன்.

பேச்சியம்மாள் சட்டென்று எழுந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். நான் பயந்துபோனேன்.

"வேணாம்ணே. சொல்லிராதீங்க" என்றார். நான் வாயை மூடியதைப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார். "பெட்டி மட்டும் தனியா வந்தா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதாண்ணே? உங்களப் பாத்த அந்த நிமிசமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"பிறகு ஏன்..."

"தெரியிறது வேற. காதுல விழுகணும். விழுந்தாத்தான் தீட்டு. செத்தது என்னைக்கா இருந்தாலும், கேட்ட நிமிசத்துல இருந்துதான் கணக்கு. தீட்டுக்காரன் தேர்ல கை வைக்கக் கூடாதுண்ணே. அவரு கை வைக்கலைன்னா வலது சக்கரத்துக்கு வேற ஆளு இல்ல. இம்புட்டுப் பெரிய தேரு, அம்புட்டுச் சனம்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நாளைக்குத் தேர் நிலைக்கு வந்துரட்டும். அவரே கேப்பாரு. அது வரைக்கும் நாங்க அழவும் கூடாது. அழுதா, கேட்டதாத்தான அர்த்தம்?"

நான் வெளியே வந்து சந்தில் வெறுமனே நின்றேன். எங்கள் தோட்டத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. சோணைமுத்துவுக்குத் தெரியும். அவன் தேர் நாளில் போகச் சொல்லவில்லை, போய்ச் சொல் என்றுதான் சொன்னான். நாளைத் தேர்ந்தெடுத்தவன் நான். வழியெல்லாம் அந்த மனிதர் ஊர்க்கதை பேசியது என் வாயை அடைக்கத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. அன்று முழுவதும் நாங்கள் மூன்று பேரும் வெயிலைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் பேசினோம். வேட்டி மூடிய பெட்டி மூலையில் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தேர் நாள். விடிவதற்கு முன்பே வேலுச்சாமி குளித்து, திருநீறு பூசி, வேட்டியை இறுக்கித் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பேச்சியம்மாள் என்னைத் தெற்குமாசி முக்குக்குக் கூட்டிப்போனார். தெரிந்தவர் கடை மாடியில் எங்களுக்கு இடம் இருந்தது.

கீழே தெருவே தெரியவில்லை, தலைகள்தான். வீட்டு வாசல்களில் அண்டா அண்டாவாக நீர்மோரும் பானகமும் வைத்திருந்தார்கள். அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் தோளில் மகளை உட்கார வைத்து, "இன்னும் விளக்குத்தூணே தாண்டலையாம், நீ கீழ எறங்குத்தா, கழுத்து போச்சு" என்று கெஞ்சினார். அவள் இறங்கவில்லை.

"கல்யாணமாகி மொதத் தேர் அன்னைக்கும் இங்கனதான் நின்னேன். மாம்பழக் கலர்ச் சேலை. அன்னைக்குத்தான் இவரு கை போனது" என்றார் பேச்சியம்மாள். பிறகு குறைபோலச் சொன்னார்: "அதுக்கப்புறம் இருவது வருசமா இங்கனயேதான் நிக்கேன். தேர் இந்த முக்குக்கு வரும்போது ஒரு தடவயாச்சும் நிமிந்து பாப்பாருன்னு நெனைப்பேன். பாத்ததே இல்லண்ணே."

முதலில் தேரின் உச்சிக் குடை தெரிந்தது. பிறகு சீலைகள், உருளையாகத் தொங்கும் துணித் தொம்பைகள், வடத்தைப் பிடித்த நூற்றுக்கணக்கான கைகள். ஒரு வீடு எழுந்து நடந்து வருவதுபோல அது வந்தது. சக்கரத்தடியில் குனிந்திருந்த வேலுச்சாமி என் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தார். இடது சக்கரத்தில் பேச்சியம்மாளின் தம்பி நின்றார். ஒதுங்கச் சொன்னவரை மறுபடியும் கூப்பிட்டிருக்க வேண்டும்.

முதல் விசில். வேலுச்சாமி கட்டையைத் தள்ளி, காலால் இறுக்கி, கையை எடுத்தார். இரண்டாவது விசில். இடது கட்டை உருவப்பட்டது. அச்சு முனகியது. கொஞ்சம் கொஞ்சமாக, கடை மாடியில் எங்கள் கைப்பிடிச் சுவரை உரசுகிற மாதிரி, தேர் முழுசாகத் திரும்பி மேலமாசி வீதியைப் பார்த்து நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. சோணைமுத்து சேர்க்காமல் விட்ட மூலையைத் தேர் என் கண் முன்னால் சேர்த்துவிட்டுப் போனது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் அழவில்லை. அவர் அழக்கூடாது. வேலுச்சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை.

தேர் நாலு வீதியும் சுற்றிக் கீழமாசி வீதியில் நிலைக்கு வந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. கூட்டம் கலைந்தது. வடத்தைச் சுருட்டினார்கள். தெரு முழுக்கச் செருப்பும் வாழைப்பழத் தோலும் மிதிபட்ட பூவும். வேலுச்சாமி வலது சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் செம்பில் தண்ணீரோடு போனார், கூடவே நான். அவர் செம்பை வாங்கவில்லை.

"தம்பி, நீங்க ஊருக்குப் போனதும் அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் என்னிடம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சொல்றேன்ணே" என்றேன்.

"அன்னைக்கு ரெண்டாவது விசில் ஊதுச்சு. என் காதுல நல்லா விழுந்துச்சு. அவன் சரியாத்தான் உருவுனான். நாந்தான் கைய எடுக்கல. மாடியில இவ புதுச் சேலை கட்டிக்கிட்டு நின்னா. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்." இரண்டு விரல் இல்லாத கையை மடியில் வைத்துப் பார்த்தார். "அய்யா அவன அடிச்சாரு. ஊரே அவனத் திட்டுச்சு. புது மாப்பிள்ளை, பொண்டாட்டியப் பாத்தேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு தம்பி. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அவன் கப்பலேறிட்டான். காயிதத்துல எழுத வரல. இந்தத் தேருக்கு வாரேன்னான், இடது சக்கரத்த அவன் கையில குடுத்துட்டு, எல்லாரு முன்னாலயும் சொல்லணும்னு இருந்தேன்."

பேச்சியம்மாள் செம்பைத் தரையில் வைத்துவிட்டார். இதை அவரும் இப்போதுதான் கேட்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணன் இப்பிடிச் சொல்லுச்சு, தப்பு அண்ணன் மேலதான்னு சொல்லிருவீகளா?"

"சொல்லிடுறேன்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சக்கரத்தைப் பிடித்து எழுந்தார். அதை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேரைவிட்டு விலகித் தெருவில் நடந்தார். எந்தப் பக்கமும் உடம்பு தேரில் படாத தூரத்துக்குப் போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க தம்பி" என்றார்.